ஏழு மாத்திரையில் மூன்று பாடசாலைகள்

கலை வகுப்பறை: வாசகர் கேள்வி பதில்

திருகோணமலை மாவட்டத்தில் தமிழ், முஸ்லிம், சிங்களப் பாடசாலைகள் பல ஒரே பஸ் பாதையில் இருக்கின்றன. இருந்தும் ஒரு பாடசாலைப் பிள்ளை அடுத்த பாடசாலையின் பாட்டையோ ஆட்டத்தையோ பழகிப் பார்க்கக் கிடைப்பது அரிது. இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இதைப் பற்றியே கேட்கின்றன. இசை, நடனம், நாட்டுக்கூத்து கற்பிக்கும் எங்கள் குழுவினர் பதில் தருகின்றனர்.

கேள்வி: நான் கர்நாடக சங்கீதம் படிப்பிக்கிறேன். கந்தளாய்ப் பக்கத்துச் சிங்களப் பாடசாலை ஒன்றையும் கிண்ணியாப் பாடசாலை ஒன்றையும் சேர்த்துக் கலைவிழா செய்யும்படி அதிபர் சொல்கிறார். போன முறை அவரவர் நிகழ்ச்சியை அவரவர் செய்தார்கள். கைதட்டினோம், சோற்றுப் பார்சல் கொடுத்தோம், பஸ் ஏறிப் போய்விட்டார்கள். பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் கதைக்கவே இல்லை. இந்த முறை ஆறு கிழமை அவகாசம் இருக்கிறது. தரம் 7, 8 பிள்ளைகள் முப்பது பேர். எங்கிருந்து தொடங்குவது?
(இசை ஆசிரியை, உப்புவெளி)

பதில்: விழா நாளை ஒரு பக்கம் வைத்துவிட்டு ஒத்திகை நாட்களை முதலில் திட்டமிடுங்கள். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் அறிவது ஒத்திகையில்தான். மேடையில் அதற்கு நேரமில்லை. ஆறு கிழமையில் நான்கு கூட்டு ஒத்திகை போதும்: முதலாம், இரண்டாம், நான்காம், ஐந்தாம் கிழமைகளில் ஒவ்வொன்று. மூன்றாம் கிழமையைச் சும்மா விடுவதற்குக் காரணம் உண்டு. மற்றவரிடம் பழகியதைப் பிள்ளைகள் தங்கள் பாடசாலையில் திரும்பச் செய்து பார்க்க வேண்டும். இடத்தைத் தம்பலகாமத்தில் வைத்துக்கொண்டால் மூன்று பக்கத்தாருக்கும் பயணம் குறையும். கந்தளாயிலிருந்து பட்டினம் வரை ஏறத்தாழ 40 கிலோமீற்றர். ஒவ்வொரு முறையும் அவர்களையே அவ்வளவு தூரம் வரச் சொல்வது நியாயமில்லை.

பாடசாலைக்குப் பத்துப் பிள்ளைகள். அவர்களை ஆறு பேர் கொண்ட ஐந்து குழுக்களாகப் பிரியுங்கள். ஒவ்வொரு குழுவிலும் ஒவ்வொரு பாடசாலையிலிருந்தும் இரண்டு பேர் இருக்கட்டும். ஒருவரை மட்டும் தனியே போட்டால் மொழி தெரியாத பிள்ளை வாயே திறக்காது. மூன்று பேரைப் போட்டால் தங்களுக்குள்ளேயே கதைத்துக்கொண்டு நிற்பார்கள். தெரிவிலும் கவனம் வேண்டும். தமிழ்மொழித் தினப் போட்டிக்கு ஆள் எடுத்த பழக்கத்தில் சிறந்த பத்துப் பேரை அனுப்பிவிடுவோம். பிறகு அது போட்டியாகத்தான் முடியும். பத்துப் பேரில் பாதியாவது இதுவரை மேடை ஏறாத பிள்ளைகளாக இருக்க வேண்டும்.

முதல் நாளில் வாத்தியம் வேண்டாம், பாட்டும் வேண்டாம். கையும் வாயும் போதும். இரண்டு, மூன்று, நான்கு மாத்திரைகளை, அதாவது தாள எண்ணிக்கைகளை, மட்டும் எடுங்கள். நமக்கு அவை தக, தகிட, தகதிமி. கண்டிய நடன ஆசிரியரைக் கேட்டால் அதே அளவுகளைச் சுளு தித, மதும் தித, மஹா தித என்பார். தாலம்பொட என்ற கைத்தாளத்தில் அவர்கள் போடுவது இந்த அளவுகளைத்தான். மூன்றையும் நான்கையும் சேர்த்தால் நமக்கு மிஸ்ர சாபு தாளம், ஏழு மாத்திரை. அவர்களிடமும் மதும், மஹா இரண்டும் சேர்ந்த ஏழு உண்டு. இரண்டையும் மூன்றையும் சேர்த்தால் நமது கண்ட சாபு. அதுவும் அவர்களிடம் இருக்கிறது. மிருதங்கத்தில் முதற்பாடம் ‘த தி தொம் நம்’. கண்டிய மேளமான கெட்ட பெரயவின் அடிப்படை ஒலிகள் ‘தத், ஜித், தொம், நம்’. இதை நீங்கள் பேச்சாகச் சொல்லிவிடக் கூடாது. மிருதங்கம் பழகும் பிள்ளை ஒன்றையும் பெரய அடிக்கும் பிள்ளை ஒன்றையும் எதிரெதிரே இருத்தி, முதற்பாடத்தை வாயால் சொல்லச் சொல்லுங்கள். மற்றவர்கள் கேட்டுத் தாங்களே கண்டுகொள்வார்கள். அந்த நிமிடத்தைக் கெடுக்காமல் விடுவதும் ஆசிரியரின் வேலைதான்.

ஏழு மாத்திரையைப் பழக்கும் விதம்: வட்டமாகத் தரையில் இருத்துங்கள். முதலில் சொற்கட்டை மட்டும் சொல்ல வேண்டும்: தகிட, தகதிமி. வேகம் நிமிடத்துக்கு 60 மாத்திரை, அதாவது ஒரு சுற்றுக்கு ஏழு செக்கன். கைபேசியில் மெற்றோநோம் செயலி இருந்தால் போதும். இருபது சுற்று ஒழுங்காக வந்ததும் முதலாம், நான்காம் மாத்திரைகளில் கைதட்டு. பிறகு எண்ணிக்கைக்கு மாறுங்கள். ஒரு குழு ‘ஒன்று இரண்டு மூன்று’ என்று ஏழு வரை சொன்னால் அடுத்த குழு சிங்களத்தில் ‘எக்க தெக்க துன’ என்று தொடங்கி ‘ஹத்தர பஹ ஹய ஹத்த’ வரை சொல்ல வேண்டும். அடுத்த சுற்றில் மொழி மாற வேண்டும். அரை மணிக்குள் எல்லாரும் இரு மொழியிலும் ஏழு வரை எண்ணுவார்கள். அதன் பிறகே 80, பிறகு 100. முதல் நாளில் 100ஐத் தாண்டாதீர்கள்.

பிழைக்கும் இடம் எப்போதும் ஒன்றுதான். சுற்று முடியும்போது பிள்ளைகள் எட்டாவது மாத்திரை ஒன்றைச் சேர்த்துவிடுவார்கள். அவர்கள் நாள்தோறும் கேட்கும் பாட்டுகளில் பெரும்பகுதி நான்கிலும் எட்டிலும் ஓடுகிறது. காது எட்டாவதற்குக் காத்திருக்கும். திரும்பத் திரும்பத் தொடக்கத்திலிருந்து சொல்லிக்கொடுத்தால் இது திருந்தாது. கடைசிச் சொல்லையும் அடுத்த சுற்றின் முதற்சொல்லையும் மட்டும் வெட்டியெடுத்து, ‘திமி த, திமி த’ என்று பத்துத் தரம் சொல்லவைத்து, ‘த’வில் வலக்காலை மெல்லத் தட்டச் சொல்லுங்கள். மூட்டுவாய் பிடிபட்டால் சுற்று தானாக ஓடும்.

இரண்டாம் சந்திப்பில் காலடி, மூன்றாவதில் பாட்டு, நான்காவதில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கோத்தல். காலடிக்கு நம் பக்கத்துப் பரதத்தின் தட்டடவில் முதலிரண்டு, அவர்கள் பக்கத்துக் காற்பயிற்சியான பா சரம்பவில் முதலிரண்டு போதும். பிள்ளைக்குப் பிள்ளைதான் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஆசிரியர்கள் தாளம் மட்டும் பிடிக்கட்டும். பாட்டுக்கு ஆறு சுரங்களுக்குள் அடங்கும் மெட்டு ஒன்றை எடுங்கள். தரம் 7இல் ஆண்பிள்ளைகளில் பலருக்குக் குரல் உடைந்திராது. நான்கு, ஐந்து கட்டைச் சுருதியில் எல்லாரும் சேர்ந்து பாடலாம். தரம் 8இல் சிலருக்கு உடையத் தொடங்கியிருக்கும். அவர்களை மேலே இழுத்தால் தொண்டை கட்டும், வெட்கமும் வரும். கீழ் ஸ்தாயியில் பாடவிடுங்கள், அல்லது தாளத்தைக் கையில் கொடுங்கள்.

மேடையில் மொத்தம் பன்னிரண்டு நிமிடம். ஐந்து குழுவுக்கும் இரண்டிரண்டு நிமிடம், கடைசியில் முப்பது பேரும் சேர்ந்து இரண்டு நிமிடம் ஏழு மாத்திரை. பேச்சாளர்களுக்கு ஒதுக்கும் நேரம் இதைவிடக் குறைவாக இருக்கட்டும்.

பலன் இருந்ததா என்று அறிய வினாத்தாள் தேவையில்லை. இரண்டு கிழமை கழித்து அந்தப் பத்துப் பேரிடமும் ஏழு மாத்திரைச் சுற்றைத் தங்கள் வகுப்பாருக்குப் படிப்பிக்கச் சொல்லுங்கள். அதை யாரிடமிருந்து பழகினார்கள், அந்தப் பிள்ளையின் பெயர் என்ன, வீடு எங்கே என்று அவர்களாகச் சொல்கிறார்களா என்று கவனியுங்கள்.

கேள்வி: எங்கள் பரதநாட்டியப் பிள்ளைகள் வெஸ் உடுப்போடு ஒரு கண்டிய நடனம் ஆட விரும்புகிறார்கள். உடுப்பு வாடகைக்குக் கிடைக்கிறது. செய்யலாமா?
(நடன ஆசிரியை, திருகோணமலை நகரம்)

பதில்: வெஸ் தலையணியை விட்டுவிடுங்கள். அது பயிற்சி முடித்த ஆட்டக்காரருக்குச் சடங்கோடு சூட்டப்படுவது. கொஹொம்ப கங்காரிய என்ற பெரும் சடங்கோடு தொடர்புடையது. மரபில் ஆண்களே அணிந்துவந்தார்கள். நம் வீட்டுப் பிள்ளைக்குச் சலங்கைப் பூசை செய்து சலங்கை கொடுக்கிறோம். அதை யாரோ வாடகைக்கு எடுத்து, பூசையும் இல்லாமல் பயிற்சியும் இல்லாமல் கட்டிக்கொண்டு ஆடினால் நமக்கு எப்படி இருக்கும் என்று பிள்ளைகளிடமே கேளுங்கள். விளங்கிக்கொள்வார்கள்.

ஆடுவதற்கு வன்னம் என்ற, பாட்டோடு ஆடும் ஆட்டவகை இருக்கிறது. கண்டிய மரபில் பதினெட்டு வன்னங்கள். கஜகா யானையின் நடை, மயூரா மயில், ஹனுமா குரங்கு, துரங்கா குதிரை. வார்த்தையில்லாத தானம் என்ற பகுதியில் தொடங்கி, கவி, கஸ்திரம, சீருமாருவ என்ற பகுதிகளாகப் போய் அடவ்வவில் முடியும். முழுவதையும் எடுக்க வேண்டாம். தானமும் கவியும் மட்டும் பழகினால் நான்கு நிமிடம் வரும், பிழையில்லாமலும் வரும். வெள்ளைச் சேலையோ பாடசாலைச் சீருடையோ போதும்.

பரதம் பழகிய பிள்ளைக்கு இதில் இரண்டு இடத்தில் இடறும். அவர்களது அடிப்படை நிலையான மண்டிய, பார்வைக்கு நம் அரைமண்டி மாதிரியே தெரியும். அதனால் பிள்ளை அரைமண்டியிலேயே நின்றுவிடும். ஆனால் மண்டியவில் கால்களுக்கிடையே இடைவெளி அதிகம். கை தோளளவில் உயர்ந்து முழங்கை மடிந்து நிற்கும். இரண்டாவது, முகம். அபிநயம் பழகிய பிள்ளை ஒவ்வோர் அடிக்கும் முகத்தில் ஏதாவது காட்டும். வன்னத்தில் மிருகத்தின் இயல்பை உடலின் அசைவே சொல்லும். முகத்தைச் சும்மா வைக்கச் சொல்லுங்கள். இது இரண்டையும் திருத்தக் கண்டிய நடன ஆசிரியர் ஒருவர் நேரே வந்து நிற்க வேண்டும். யூடியூப்பைப் பார்த்துப் பழகினால் இடம் வலம் மாறிப் பழகுவார்கள், மேளக்காரர் வந்த அன்று எல்லாம் குழம்பும். சீமெந்துத் தரையில் ஒரே மூச்சில் இருபது நிமிடத்துக்கு மேல் குதிக்கவிடாதீர்கள். கணுக்காலும் முழங்காலும் நோகும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். பாடசாலை மேடைகளில் ‘வேடர் நடனம்’ என்று இலைதழை கட்டி, முகத்தில் கரி பூசி, வில்லோடு குதிப்பதை நிறுத்த வேண்டும். மூதூர் கிழக்கில் தமிழ் பேசும் வேடர் சமூகத்தார் வாழ்கிறார்கள். அவர்களின் பிள்ளைகள் நம் வகுப்பறைகளில் இருக்கிறார்கள். அந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டு சபையில் இருக்கும் அந்தப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள்.

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும். என் மகள் தரம் 8. பாடசாலை ஒன்றுகூடலில் சேரச் சொல்லி ரீச்சர் கேட்டிருக்கிறார். மகளுக்கும் ஆசை. மேடையில் ஆடுவதோ வாத்தியத்தோடு பாடுவதோ எங்கள் வீட்டில் விருப்பமில்லை. பிள்ளையை ஒதுக்கி வைத்த மாதிரியும் ஆகக் கூடாது. வழி இருக்கிறதா?
(தந்தை, கிண்ணியா)

பதில்: வஅலைக்கும் முஸ்ஸலாம். வழி இருக்கிறது. உங்கள் விருப்பத்தை ஒத்திகை தொடங்கும் முன்பே ஆசிரியரிடம் சொல்லிவிடுவது நல்லது. இசை பற்றி எல்லா முஸ்லிம் குடும்பங்களுக்கும் ஒரே நிலைப்பாடு இல்லை. ஆசிரியர்கள் ஒரு வீட்டை வைத்து மற்ற வீட்டை அளக்கக் கூடாது, ஒவ்வொரு பெற்றோரிடமும் கேட்க வேண்டும்.

கிழக்கிலங்கை முஸ்லிம் பெண்களிடம் கவி என்ற பெரிய செல்வம் இருக்கிறது. நான்கு அடி, இழுத்துப் பாடும் இராகம், மேளமோ வாத்தியமோ வேண்டியதில்லை. வயல், கடல், பிரிவு, தாய் மகள் பேச்சு என்று எல்லாமே அதில் வரும். மகள் தன் உம்மம்மாவிடமோ பக்கத்து வீட்டு மூதாட்டியிடமோ மூன்று கவிகளைக் கேட்டு எழுதிவரட்டும். கேட்டது யாரிடம், எந்த ஊர், எந்தச் சந்தர்ப்பத்தில் பாடுவது என்ற மூன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். அதை அவர் வாசித்துக் காட்டலாம். இருந்த இடத்திலிருந்தே சொல்லலாம். சிங்களப் பிள்ளைகளும் தங்கள் வயற்பாட்டான நெளும் கீயைக் கொண்டுவருவார்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் வயலில் பாடியவர்களின் களைப்பும் கேலியும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பிள்ளைகளுக்கே தெரியும். இது ஒப்புக்குக் கொடுக்கும் வேலை என்று எண்ண வேண்டாம். நிகழ்ச்சியின் மிகக் கனமான பகுதி இதுவாக அமையக்கூடும்.

ஒழுங்கு செய்பவர்களுக்கு: நாளைக் குறிக்கும் முன் முஸ்லிம் பாடசாலைகளின் தவணை அட்டவணையைப் பாருங்கள். நோன்பு விடுமுறை அவர்களுக்கு வேறாக வரும். வெள்ளிக்கிழமை வேண்டாம். மற்ற நாட்களில் ளுஹர் என்ற நண்பகல் தொழுகைக்கு இடைவெளியும் இடமும் தண்ணீரும் ஒழுங்கு செய்யுங்கள். சாப்பாட்டை ஹலாலாகவும் மரக்கறியாகவும் இரண்டு வகையில் வைத்தால் ஒருவரும் தட்டைப் பார்த்துத் தயங்க மாட்டார்கள்.

கேள்வி: ஆண்பிள்ளைகளுக்குப் பொல்லடியும் கோலாட்டமும் சேர்த்துப் பழக்குகிறோம். ஒத்திகையில் கம்பு உடைகிறது, விரல் நசுங்குகிறது, வேகம் கட்டுக்கு மீறிப் போகிறது. என்ன செய்யலாம்?
(அதிபர், மூதூர்)

பதில்: நல்ல தெரிவு. முஸ்லிம் ஊர்களின் பொல்லடி, களிகம்பு, தமிழ் ஊர்களின் கோலாட்டம், மட்டக்களப்பின் வசந்தன் கூத்து எல்லாம் கம்பும் வட்டமுமாக ஆடுபவை. பழக்கும் அண்ணாவிமார் சந்தித்தால் மணிக்கணக்காகக் கதைப்பார்கள்.

எண்ணிக்கை இரட்டையாக இருக்க வேண்டும்: 8, 12 அல்லது 16. பன்னிரண்டு பேர் மூன்றடிக்கு ஒருவராக நின்றால் வட்டத்தின் குறுக்களவு ஏறத்தாழ 11½ அடி வரும். கை வீச இரு பக்கமும் இரண்டடி வேண்டும். ஆகவே 16 அடிக்குக் குறைந்த மேடையில் பன்னிரண்டு பேரை ஏற்றாதீர்கள், எட்டாகக் குறையுங்கள். இடம் போதாமல் தோள் இடிக்கத் தொடங்கும்போதுதான் விரலில் அடி விழுகிறது.

கம்பு ஒரு அடியிலிருந்து ஒன்றேகால் அடி வரை, பெருவிரல் தடிப்பு. எல்லாக் கம்பும் ஒரே நீளம், ஒரே எடை. பச்சைக் கம்பை வெட்டிய கிழமையே ஆடவைத்தால் வளையும், சத்தமும் மந்தமாக இருக்கும். நிழலில் இரண்டு மூன்று கிழமை காய வைத்து, அரத்தாள் போட்டு, நுனி இரண்டையும் உருட்டிவிடுங்கள். வெடிப்பு இருக்கிறதா என்று ஒவ்வொரு ஒத்திகைக்கு முன்னும் தரையில் மெல்லத் தட்டிக் கேளுங்கள். வெடித்த கம்பின் ஒலி கரகரக்கும். பிடிக்கும் இடம் அடியிலிருந்து கால்வாசி. அடி கம்பின் மேற்பாதியில் விழ வேண்டும். இரு கம்பும் குறுக்காகச் சந்திக்க வேண்டும். நேருக்கு நேர் நீட்டி அடித்தால் வழுக்கி விரலுக்கு வரும். தோளுக்கு மேலே அடி வேண்டாம், கண் பத்திரம்.

வேகம் ஏறுவதற்குக் காரணம் பிள்ளைகள் தாளக்காரரைக் கேட்காமல் கம்பின் ஒலியைக் கேட்பது. யாரோ ஒருவன் கொஞ்சம் முந்துவான், மற்றவர்கள் அவனைத் துரத்துவார்கள். கம்பில்லாமல் வெறுங்கையால் முழு ஆட்டத்தையும் ஒரு தரம் ஆடவிட்டு, தாளத்தை மட்டும் கேட்கவையுங்கள். பிறகு ஒற்றைக் கம்பு, பிறகு இரண்டு. இரட்டிக்கும் இடத்தில் தாளக்காரர் ஒரு சுற்று முன்னதாகவே குரல் கொடுத்து எச்சரிக்க வேண்டும். இணை பிரிக்கும்போது தமிழ்ப் பிள்ளைக்கு எதிரே முஸ்லிம் பிள்ளையை நிறுத்துங்கள். எதிரே நிற்பவனின் கண்ணைப் பார்க்காமல் இந்த ஆட்டம் ஆட முடியாது.

கேள்வி: கூத்துக்கும் சிங்கள நாடகத்துக்கும் தொடர்பு உண்டு என்று கேள்விப்பட்டேன். வகுப்புச் செயற்றிட்டத்துக்கு எதை எடுக்கலாம்?
(மாணவி, தரம் 11, தம்பலகாமம்)

பதில்: நல்ல விடயத்தைப் பிடித்திருக்கிறீர்கள், மகள். சிங்களத்தில் நாடகம என்ற ஆட்டவகை மேற்குக் கரையோரத்தில் கத்தோலிக்கரிடையே வளர்ந்தது. தமிழ்க் கூத்தே அதன் மூலம். அதற்கு அடிக்கும் மேளமும் மத்தளம்தான். பல இரவுகள் தொடரும் அந்த ஆட்டத்திலிருந்து எதிரிவீர சரச்சந்திர 1956இல் மனமே என்ற நாடகத்தை ஆக்கினார். சிங்கள அரங்கில் அது ஒரு திருப்புமுனை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மட்டக்களப்புக் கூத்தை எடுத்து, விடிய விடிய ஆடுவதை ஒன்றிரண்டு மணிக்குச் சுருக்கி, கர்ணன் போர், இராவணேசன் முதலியவற்றை மேடையேற்றினார். ஒரே பல்கலைக்கழகத்தில் இரண்டு மொழியிலும் இந்த வேலை நடந்திருக்கிறது.

செயற்றிட்டத்தைச் சிறிதாக வையுங்கள். கூத்திலும் நாடகமவிலும் பாத்திரம் முதன்முதல் மேடைக்கு வரும் காட்சியை மட்டும் எடுத்து ஒப்பிடுங்கள். வரவை அறிவிப்பவர் நம்மிடம் கட்டியகாரன், அவர்களிடம் பொத்தே குரு. யார் அறிவிக்கிறார், பாத்திரம் தன்னைத் தானே பாடுகிறதா, பிற்பாட்டுக்காரர் எங்கே நிற்கிறார்கள், மத்தளம் எப்போது நிற்கிறது, சபையைப் பார்த்துப் பேசுகிறார்களா என்று குறியுங்கள். கூத்தின் இரு வகைகளான வடமோடிக்கும் தென்மோடிக்கும் ஆட்டமும் உடுப்பும் வேறு. எதை எடுத்தீர்கள் என்று முதற்பக்கத்திலேயே எழுதுங்கள். எழுத்தோடு நிற்காமல் சிங்களம் படிக்கும் மாணவி ஒருவரைச் சேர்த்து இரண்டு வரவையும் வகுப்பில் ஆடிக் காட்டினால் இன்னும் நல்லது.

கேள்வி: தேவாரம், பௌத்தர்களின் பக்தி கீ, இஸ்லாமிய கீதம் மூன்றையும் ஒரே மெட்டில் கோத்து நடனம் அமைக்கிறார்கள். மனம் ஒப்பவில்லை. நான் பிற்போக்காக நினைக்கிறேனா?
(தாய், நிலாவெளி)

பதில்: இல்லை. நீங்கள் நினைப்பது சரி. வழிபாட்டுப் பாடலை வெட்டி ஒட்டினால் மூவருமே தங்கள் பாடலை இழப்பார்கள். சம்பந்தர் கோணமாமலைக்குப் பாடிய பதிகத்துக்குப் புறநீர்மை என்ற பண் இருக்கிறது. அதை வேறு மெட்டில் ஏற்றி ஆடினால் திருகோணமலைப் பிள்ளைக்கே தன் ஊர்ப் பதிகத்தின் பண் தெரியாமல் போகும். வெசாக்கில் வெள்ளை உடுத்து நின்று பாடும் பக்தி கீக்கும் அதற்கான ஒழுங்கு உண்டு. பிள்ளைகள் ஒருவர் வழிபாட்டை ஒருவர் அறிய வேண்டுமானால் தனித்தனியே, அசையாமல், கேட்கட்டும். கைதட்டு வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

சேர்த்துக் கோக்கத் தாலாட்டு இருக்கிறது. தமிழிலும் உண்டு, முஸ்லிம் வீடுகளிலும் உண்டு, சிங்களத்தில் தரு நெளவிலி. கடற்றொழிலாளரின் அம்பாப் பாடல்களும் சிங்களத் தோணிப் பாட்டான பாரு கவியும் உண்டு. கடலோர மாவட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமானது எது?

கேள்வி: பைலா போடச் சொல்லிப் பிள்ளைகள் கேட்கிறார்கள். கலை நிகழ்ச்சிக்குத் தகுமா?
(வகுப்பாசிரியர், திருகோணமலை நகரம்)

பதில்: தாராளமாகத் தகும். போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் இன்றும் இருக்கிறார்கள். அவர்களது கஃப்ரிஞ்ஞா ஆட்டமும் ஆபிரிக்க வழிவந்த காப்பிரியரின் இசையும்தான் பைலாவுக்கு வேர். ஆறு மாத்திரை ஓட்டம் என்பதால் மும்மூன்றாக ஓடும் திஸ்ர நடையில் வரும் கும்மியோடு நேரே பொருந்தும். கும்மி கைதட்டைப் பைலா ஓட்டத்தின் மேல் போட்டுப் பாருங்கள். சொற்களை மட்டும் முன்பே முழுவதும் வாசித்துவிட்டுத் தெரிவு செய்யுங்கள்.

கேள்வி: கூட்டு நிகழ்ச்சியில் தேசிய கீதத்தை எந்த மொழியில் பாடுவது என்று ஒவ்வொரு முறையும் இழுபறி.
(உப அதிபர், தோப்பூர்)

பதில்: மெட்டு ஒன்றுதான். ஆனந்த சமரக்கோனின் பாட்டைத் தமிழாக்கியவர் மு. நல்லதம்பி. 2016 பெப்ரவரி 4 சுதந்திர தின விழாவில் தமிழிலும் பாடப்பட்டது. தொடக்கத்தில் ஒரு மொழியிலும் நிறைவில் மற்ற மொழியிலும் பாடுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் பாடவிட்டால் சொற்கள் மோதும், ஒருவரை ஒருவர் மேவ முயன்று கத்துவார்கள். சிங்களப் பிள்ளைகள் தமிழ் வரிகளையும் தமிழ் பேசும் பிள்ளைகள் சிங்கள வரிகளையும் பொருளோடு முதற் சந்திப்பிலிருந்தே பழகினால் இரண்டு முறையும் முழுச் சபையும் பாடலாம்.

கேள்வி: ஒத்திகையில் நன்றாக ஒலிக்கும் றபான் என்ற ஒருமுகத் தோல்மேளமும் மத்தளமும் விழா நாளில் தொப்பென்று போகின்றன. ஏன்?
(சங்கீத ஆசிரியர், குச்சவெளி)

பதில்: ஈரம். தோல் கடற்காற்றின் ஈரத்தை உறிஞ்சித் தளரும். ஐப்பசி முதல் தை வரை மாரி மழையில் இது மோசமாகும். அந்த மாதங்களில் திறந்தவெளி நிகழ்ச்சியே வைக்காதீர்கள். மாசி, பங்குனி நல்லது. வைகாசிக்குப் பின் கச்சான் காற்று எழும்பினால் ஈரம் குறையும். ஆனால் முற்பகல் பத்து மணிக்கு மேல் நிலம் சுடும், வெறுங்காலோடு ஆடவிட முடியாது.

றபானை நிகழ்ச்சிக்கு அரை மணி முன் இளவெயிலில் பத்து நிமிடம், தோல் மேலே பார்க்க வையுங்கள். சிங்களப் புத்தாண்டுக்குப் பெண்கள் சுற்றியிருந்து அடிக்கும் பெரிய றபானைக் கீழே தணல் வைத்துச் சூடாக்குவார்கள். அந்த முறையைத் தெரிந்தவர் கையில் மட்டும் விடுங்கள். தணல் கிட்டினால் தோல் ஓரத்தில் வெடிக்கும், பிறகு மாற்றத்தான் வேண்டும். சூடாக்கிய தோல் ஒன்றிரண்டு பாட்டுக்குள் மறுபடி இறங்கும். ஆகவே மேளம் வரும் நிகழ்ச்சிகளை அடுத்தடுத்து வையுங்கள். மத்தளத்தையும் மிருதங்கத்தையும் பஸ்ஸின் பின் இருக்கையில் வெயில் படக் கிடத்தாமல், பருத்தித் துணி உறையிட்டு மடியில் வைத்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். பொலித்தீன் உறை வேண்டாம். உள்ளே வியர்த்து, நீங்கள் தவிர்க்க நினைத்த ஈரத்தை அதுவே கொடுக்கும்.